ஒரு மீட்டர் உயரத்திலிருந்து பார்த்த நாடு

ஐந்து வயதுக் குழந்தை சுமார் 110 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். கண் அதற்கும் பத்து சென்டிமீட்டர் கீழே. அதாவது, தரையிலிருந்து ஒரு மீட்டர். வீட்டுக் கதவின் கைப்பிடியும் ஏறக்குறைய அதே உயரம்தான். நாம் கைப்பிடியைப் பார்க்காமலே திறந்துவிட்டுப் போய்விடுகிறோம். குழந்தைக்கு அது நேருக்கு நேர் முகத்தில் நிற்கிறது. 17 சென்டிமீட்டர் படிக்கட்டு, 170 சென்டிமீட்டர் ஆளுக்கு ஒன்றுமே இல்லை. 110 சென்டிமீட்டர் ஆளுக்கு அது நம் கணக்கில் 26 சென்டிமீட்டர் படி. மூன்று மாடி ஏறினால் மலையேற்றம்.

ஒரு நாட்டில் சில வருடம் இருந்துவிட்டு வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்த பிள்ளையிடம், "அங்க என்னடா ஞாபகம் இருக்கு?" என்று கேட்கும் பெரியவர்கள் இந்த ஒரு மீட்டரை மறந்துவிடுகிறார்கள். மலை, கடல், கோட்டை, திருவிழா என்று எதிர்பார்க்கிறார்கள். பிள்ளையோ லிஃப்ட் பொத்தானைப் பற்றிச் சொல்கிறது. படிக்கட்டுக்கு அடியில் இருந்த இருட்டைச் சொல்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் முகம் நினைவில்லை, செருப்பு நினைவிருக்கிறது. "இதுக்கா அவ்வளவு செலவு பண்ணி எல்லா இடமும் சுத்திக் காட்டினோம்" என்ற பெருமூச்சு அடுத்து வரும். பிறகு பெரியவரே சொல்ல ஆரம்பிக்கிறார்: "அந்தப் பெரிய பாலம் ஞாபகம் இல்லையா? நாம போனோமே!" அந்த நொடியிலிருந்து பிள்ளையின் நாடு கொஞ்சம் கொஞ்சமாகப் பெற்றோரின் நாடாக மாறுகிறது. இரண்டு வருடத்தில் பாலம் மட்டும் நிற்கும், பொத்தான் போய்விடும்.

அந்தப் பொத்தானைக் காப்பாற்றுவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. இதைப் பொறுமையாக, ஒரு கைத்தொழில் போலச் செய்யலாம். ஆனால் காலம் தாழ்த்தினால் முடியாது.

முதலில், "நாடு" என்ற சொல்லே குழந்தைக்கு நம் அர்த்தத்தில் போய்ச் சேர்வதில்லை. சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே, ஆன்-மரி வெய்லுடன் சேர்ந்து 1951இல் இது பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். ஜெனீவாவில் நாலைந்து வயது முதல் பதினான்கு பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளோடு பேசிப் பார்த்தார்கள். சின்னப் பிள்ளைகள் பலருக்கு ஜெனீவாவும் சுவிட்சர்லாந்தும் பக்கத்துப் பக்கத்து இடங்கள். ஒன்றுக்குள் ஒன்று இருக்கலாம் என்பது ஏழெட்டு வயதுக்கு முன் பிடிபடவில்லை; "நான் ஜெனீவாக்காரன், அப்புறம் எப்படி சுவிஸ்காரனா இருப்பேன்" என்கிற ரீதியில் பதில்கள். முழுமையாகத் தெளிவது பத்து பதினோரு வயதில்தான். ஆகவே ஆறு வயதில் ஒரு நாட்டை விட்டு வந்த பிள்ளையிடம் அந்த நாட்டைப் பற்றிக் கேட்பது, அது ஒருபோதும் போகாத இடத்தைப் பற்றிக் கேட்பது போல. அது இருந்தது ஒரு வீட்டில், ஒரு பள்ளியில், இரண்டுக்கும் நடுவே ஒரு பாதையில். அவ்வளவுதான் நாடு. கேள்வியும் அந்த அளவில் இருக்க வேண்டும்.

இனி, அவசரம் ஏன் என்று பார்ப்போம். அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தின் பேட்ரிஷியா பாவரும் மரீனா லார்க்கினாவும் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மூன்று வயதுப் பிள்ளைகள் அப்போதைய நிகழ்ச்சிகளைத் தாயோடு பேசுவதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டார்கள். பிறகு அதே பிள்ளைகளில் சிலரை ஐந்து வயதில், சிலரை ஆறில், ஏழில், எட்டில், ஒன்பதில் என்று பிரித்துக் கேட்டுப் பார்த்தார்கள். ஐந்து முதல் ஏழு வயது வரை கேட்கப்பட்டவர்களுக்கு அந்த நிகழ்ச்சிகளில் 63 முதல் 72 சதவீதம் நினைவிருந்தது. எட்டு, ஒன்பது வயதில் கேட்கப்பட்டவர்களுக்கு சுமார் 35 சதவீதம். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே ஏதோ ஒரு மதகு திறந்துவிட்டாற்போல் பாதி வடிந்துவிடுகிறது. வளர்ந்தவர்களிடம் "உங்கள் முதல் நினைவு எது" என்று கேட்டால் சராசரியாக மூன்று, மூன்றரை வயதில் போய் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்: அதற்கு முந்தையவை பதியாமல் இல்லை, பதிந்தபின் கழன்று போகின்றன. நாலு வயதில் ஊர் மாறிய பிள்ளைக்கு இப்போது ஆறு வயது என்றால், கையில் ஒரு வருடம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பிக்கலாம்.

எந்த மொழியில் கேட்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வியோரிகா மரியனும் உல்ரிக் நைசரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், ரஷ்ய மொழிச் சூழலிலிருந்து அமெரிக்காவுக்கு வந்து ஆங்கிலத்திலும் வாழ்ந்த மாணவர்களிடம் இரண்டு மொழியிலும் பேட்டி எடுத்தார்கள். ரஷ்யனில் கேட்டபோது ரஷ்யன் பேசிய காலத்து நினைவுகள் கூடுதலாக வந்தன. ஆங்கிலத்தில் கேட்டபோது ஆங்கிலக் காலத்தவை. நினைவு எந்த மொழியில் நடந்ததோ அந்த மொழியின் குரலுக்குத் திரும்பிப் பார்க்கிறது. எனவே வீட்டுக்குள் நடந்ததை வீட்டு மொழியில் கேளுங்கள். பள்ளியில் நடந்ததைப் பள்ளி மொழியில் கேளுங்கள். அந்த மொழி உங்களுக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும் என்றாலும் பரவாயில்லை. "மணி", "வரிசை", "உட்காரு", "போதும்" என்று அங்கே தினமும் காதில் விழுந்த நாலைந்து சொல்லை அந்த மொழியில் சொல்லிவிட்டுக் கேள்வியைத் தமிழில் முடித்தாலும் வேலை செய்யும். அந்த மொழியில் பேசத் தெரிந்தவர் ஒருவரைப் பத்து நிமிடம் அழைத்து வைத்துப் பேசவிட்டால் இன்னும் நல்லது. மொழியும் சீக்கிரம் போய்விடும் சரக்கு என்பதை மறக்க வேண்டாம். மூன்று முதல் எட்டு வயதுக்குள் கொரியாவிலிருந்து பிரான்ஸுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டவர்களை, அவர்கள் பெரியவர்களான பிறகு, கிறிஸ்டோஃப் பாலியேயின் குழு சோதித்தது. 2003இல் வந்த முடிவு: கொரிய மொழி வாக்கியங்களை மற்ற அந்நிய மொழிகளிலிருந்து அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எட்டு வயது வரை பேசிய மொழிகூடத் தொடர்பு அறுந்தால் அப்படி ஆகலாம். (பின்னாளில் நெதர்லாந்தில் நடந்த ஆய்வுகளில், இப்படிப்பட்டவர்கள் அந்த மொழியின் ஒலிகளை மற்றவர்களைவிட வேகமாகத் திரும்பக் கற்றார்கள் என்பது ஒரு ஆறுதல். அடித்தளம் கொஞ்சம் தங்கியிருக்கிறது.)

பேச்சு முழுதாக வராத வயதில் ஊர் மாறிய பிள்ளைகள் விஷயம் வேறு. நியூசிலாந்தில் கேப்ரியல் சிம்காக்கும் ஹார்லீன் ஹேய்னும் ஒரு விளையாட்டு இயந்திரம் செய்தார்கள்: பெரிய பொம்மையை உள்ளே போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் சின்ன பொம்மை வெளியே வரும். 27 மாதம் முதல் 39 மாதம் வரையான குழந்தைகள் விளையாடினார்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துக் கேட்டபோது, விளையாடிய அன்று தெரியாதிருந்த சொல் எதையும் எந்தக் குழந்தையும் அதை விவரிக்கப் பயன்படுத்தவில்லை. இதற்குள் அந்தச் சொல்லைக் கற்றிருந்தும்! ஆனால் படத்தைக் காட்டி அடையாளம் சொல்லச் சொன்னால், செய்து காட்டச் சொன்னால், வாய் சொன்னதைவிட அதிகம் வந்தது. ஆகவே இரண்டரை வயதில் வந்த குழந்தையிடம் வாய்க்கேள்வி கேட்டு "ஒண்ணுமே ஞாபகம் இல்ல" என்று தீர்ப்பு எழுத வேண்டாம். "அந்த வீட்டுக் குழாயை எப்படித் திறப்ப? காட்டு" என்று கேளுங்கள். கை மேலே தூக்குகிறதா, திருகுகிறதா, அழுத்துகிறதா என்று பாருங்கள். ஜன்னல் கொக்கி, கார் இருக்கை பெல்ட், விளக்கு சுவிட்ச் எல்லாம் இப்படித்தான். இதைக் குரலில் பதிவு செய்து பயனில்லை, வீடியோவில் கையை மட்டும் எடுங்கள்.

இனி கேட்கும் முறை. ஐந்து வயதில் ஊர் மாறி இப்போது ஏழு வயதாகும் ஒரு பையனோடு அவன் அம்மா பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான பேச்சு இப்படிப் போகும்:

"பழைய ஸ்கூல்ல உன் டீச்சர் ரொம்ப நல்லவங்க, இல்ல?"

"ஆமா."

"ஜன்னல் பக்கத்துலதானே உக்காருவ?"

"ஆமா."

"பனி கொட்டுமே, ஞாபகம் இருக்கா?"

"ம்."

இரண்டு ஆமாவும் ஒரு ம்-மும். இந்தப் பதிவைப் பத்து வருடம் கழித்துக் கேட்டால் அதில் இருப்பது முழுக்க அம்மாவின் நினைவு. டீச்சர், ஜன்னல், பனி மூன்றையும் கொண்டுவந்து வைத்தவர் அவர். இன்னொரு விதம்:

"பழைய ஸ்கூலுக்குள்ள நுழையறோம்னு வெச்சுக்கோ. முதல்ல என்னடா வரும்?"

"கம்பி."

"ம்... கம்பி."

"பச்சைக் கம்பி. பெயின்ட் உரிஞ்சிருக்கும். நான் உரிப்பேன்."

"உரிப்பியா?"

"உரிச்சா நகத்துக்குள்ள போயிடும். வலிக்கும். அம்மா, மழை பெஞ்சா அந்தக் கம்பி வேற வாசனை அடிக்கும்."

இதில் அம்மா கொடுத்த பெயர்ச்சொல் ஒன்றே ஒன்று: ஸ்கூல். மற்றதெல்லாம் பையனுடையது. அவர் செய்தது மூன்று காரியம்தான். இடத்துக்குள் நுழையவிட்டார். அவன் சொன்ன கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொன்னார். பிறகு சும்மா இருந்தார். மூன்றாவதுதான் கஷ்டம். மனசுக்குள் ஏழு வரை எண்ணுங்கள். நாலாவது எண்ணிலேயே நமக்கு அடுத்த கேள்வி நாக்கில் வந்து நிற்கும், விழுங்கிவிடுங்கள். பெரும்பாலும் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில்தான் வாசனை மாதிரியான விஷயம் வெளியே வருகிறது.

"என்ன ஞாபகம் இருக்கு?" என்பதும் மோசமான கேள்விதான், எதையும் திணிக்காவிட்டாலும். பிடிக்க ஒரு கொக்கி இல்லாததால் குழந்தை "தெரியல" என்று முடித்துவிடும். உடம்பை ஓர் இடத்தில் நிறுத்தும் கேள்விகள் பலன் தரும். கட்டிலில் படுத்துக்கிட்டு மேல பார்த்தா என்ன தெரியும்? எது கைக்கு எட்டாது? எதைத் தொடக் கூடாதுன்னு சொல்லுவாங்க? எந்தச் சத்தம் கேட்டா யாரோ வர்றாங்கன்னு தெரியும்? எங்க ஒளிஞ்சுக்குவ? தரை எங்க சில்லுனு இருக்கும்? இவற்றில் ஒரு முறைக்கு மூன்று போதும். நாலு முதல் ஆறு வயதுக்குப் பத்து நிமிடம், ஏழு முதல் பத்து வயதுக்கு இருபது நிமிடம், அதற்கு மேல் இழுத்தால் குழந்தை உங்களைச் சந்தோஷப்படுத்தக் கதை கட்டும். எதிரெதிரே உட்கார வேண்டாம். காரிலோ, துணி மடிக்கும்போதோ, ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கும்போது பேச்சு தானாக வரும்.

படம் வரையச் சொல்வது நல்ல கருவி. வரைந்துகொண்டே பேசும் சின்னப் பிள்ளைகள், வெறுமனே பேசுபவர்களைவிடக் கணிசமாக அதிகம் சொல்கிறார்கள் என்று ஹேய்னும் அவருடைய சகாக்களும் 1990களிலேயே காட்டியிருக்கிறார்கள். ஆனால் அதே கருவி இரண்டு பக்கமும் வெட்டும். கேள்வி கேட்பவர் தப்பான குறிப்பைக் கொடுத்து வரையச் சொன்னால், நடக்காததும் படத்தோடு சேர்ந்து கெட்டியாகிவிடும். ஆகவே "பாலத்தை வரை" என்று சொல்லக் கூடாது. "வீட்டிலேர்ந்து ஸ்கூலுக்குப் போற வழியை வரை" என்றால் போதும். ஒரு பெரிய தாள், ஒரே ஒரு பென்சில். கலர் பெட்டியைக் கொடுத்தால் வானத்துக்கும் சூரியனுக்கும் இருபது நிமிடம் போய்விடும். வழியை வரைந்து முடித்ததும் விரலை வைத்து நடக்கச் சொல்லுங்கள். விரல் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு கதை இருக்கிறது. அளவு தப்பாக இருக்கும்: பள்ளியைவிட நாய் பெரிதாக இருக்கும், இரண்டு கிலோமீட்டர் சாலை ஒரு கோடாகச் சுருங்கி, ஒரு பள்ளம் தாளில் பாதியைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தப்புதான் நமக்கு வேண்டியது. திருத்தாதீர்கள். பின்புறம் தேதி, வயது, விரல் நின்ற இடங்களின் பெயர் எழுதி வையுங்கள். படத்தின் மேலேயே நம் கையெழுத்தில் விளக்கம் எழுதுவது பாவம்.

ஆல்பத்தைக் கடைசியில் திறங்கள். பேச்சு, படம், அதன்பின் ஃபோட்டோ. இந்த வரிசை மாறினால் எல்லாம் கெடும். 2002இல் கிம்பர்லி வேடும் சகாக்களும், இருபது பெரியவர்களின் சின்ன வயசுப் படத்தை எடுத்து, அவர்கள் போகாத வெப்பக்காற்றுப் பலூன் பயணப் படத்தில் அதை ஒட்டி, அவர்களிடமே காட்டினார்கள். மூன்று பேட்டிக்குள் பாதிப்பேர் பலூனில் போனதை ஏதோ ஒரு அளவில் "நினைவுபடுத்தி"விட்டார்கள். போலிப் படம்தான் வேண்டும் என்றில்லை; உண்மையான படமே ஃபிரேமுக்கு வெளியே இருந்த எல்லாவற்றையும் மறைத்துவிடும். பிறந்தநாள் கேக் நிற்கும், கேக்குக்குப் பின்னால் அழுதது போய்விடும். ஆல்பம் பார்த்த பிறகு வருவதைத் தனித் தாளில் எழுதுங்கள், முன்னதோடு கலக்க வேண்டாம்.

அண்ணன் தங்கையை ஒன்றாக உட்கார வைப்பதும் அதே தப்பு. பெரியவன் ஒன்பது வயதில் வந்தவன், சின்னவள் நாலில் வந்தவள் என்றால், அவன் சொல்லி முடிப்பதற்குள் அது அவளுக்கும் நடந்ததாகிவிடும். இரட்டையரிடம் செய்த ஒரு நியூசிலாந்து ஆய்வில், ஒரே நிகழ்ச்சியை "அது எனக்குத்தான் நடந்தது" என்று இருவரும் சாதித்த கதைகள் தாராளமாகக் கிடைத்தன. தனித்தனியாகக் கேளுங்கள், சின்னவளிடம் முதலில். பிறகு இரண்டையும் சேர்த்துப் போட்டுக் கேட்கவிட்டால் வருகிற சண்டையும் பதிவு செய்யத் தகுந்ததுதான்.

"எப்பவும்" என்ற சொல் வந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். "அங்க எப்பவும் பனி கொட்டும்." "எப்பவும் நாம அந்தப் பார்க்குக்குத்தான் போவோம்." சின்னக் குழந்தைகள் அனுபவத்தைப் பொதுச்சட்டமாகச் சுருட்டி வைக்கும் பழக்கத்தைக் கேத்தரின் நெல்சன் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்; ஒரே ஒரு தடவை நடந்ததுகூட "நாம இப்படிச் செய்வோம்" என்று வெளியே வரும். எப்பவும் என்பதைப் பொய் என்று மறுக்க வேண்டாம். "ஒரு தடவை போனதைச் சொல்லு" என்று கேட்டால் சட்டத்துக்குள்ளிருந்து ஒரு நாள் வெளியே வரும். ஒரே ஒரு நாள்தான் வருகிறது என்றால் அந்த ஒரு நாள்தான் எப்பவும்.

இதன் இன்னொரு முகம் கொஞ்சம் சங்கடமானது. "அந்த நாட்டுல எல்லாரும் கத்துவாங்க." "அங்க யாருக்கும் என்னைப் பிடிக்காது." இப்படி வந்தால் பெற்றோர் பதறிப்போய் அந்த நாட்டுக்கு வக்காலத்து வாங்குவார்கள், அல்லது உள்ளூர மகிழ்ந்து தலையாட்டுவார்கள். இரண்டுமே கூடாது. "யாரு கத்தினாங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஏழு எண்ணுங்கள். முக்கால்வாசி நேரம் ஒரு பல் டாக்டரோ, ஒரு பஸ் ஓட்டுநரோ வந்து நிற்பார். ஒரு ஆள் ஒரு நாடாகிவிட்டார். அப்படி ஒரு ஆளும் வராமல் "எல்லாரும்" என்றே நின்றால் அடுத்த கேள்வி: "நீ பார்த்தியா, யாராவது சொன்னாங்களா?" பெரும்பாலும் சாப்பாட்டு மேசையில் நாம் புலம்பியது நமக்கே திரும்பி வருகிறது. பியாஜே–வெய்ல் ஆய்விலும், வேற்று நாட்டினரைப் பற்றிப் பிள்ளைகள் வைத்திருந்த கருத்துகளில் வீட்டிலிருந்து வந்த சரக்கு நிறையவே இருந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பார்த்ததையும் கேட்டதையும் பிரிப்பது கடினம்; அவர்களிடம் இந்தக் கேள்வி வேண்டாம், வீணாகக் குழம்புவார்கள்.

போர், வன்முறை, வெளியேற்றம் காரணமாக நாட்டை விட்டு வந்த பிள்ளைகளிடம் மேலே சொன்ன எதையும் வீட்டில் தோண்டிப் பார்க்க வேண்டாம். தானாகச் சொன்னால் கேளுங்கள், அவ்வளவே. ஒரே காட்சி திரும்பத் திரும்ப விளையாட்டில் வருகிறது, தூக்கம் கெடுகிறது என்றால் அது குழந்தை மனநல நிபுணரின் வேலை. ரெக்கார்டரை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

வாசனைக்கு வருவோம். ஸ்வீடனில் யோஹான் வில்லாண்டரும் மரியா லார்சனும் 2006இல் முதியவர்களை வைத்துச் செய்த ஆய்வில், சொல்லும் படமும் பெரும்பாலும் பதினொன்று முதல் இருபது வயது வரையான நினைவுகளைக் கிளப்பின. வாசனையோ பத்து வயதுக்கு முந்தைய நினைவுகளைக் கொண்டுவந்தது. அங்கே பயன்படுத்திய சோப்பு, தரை துடைக்கும் திரவம், பள்ளிப் பசை ஆகியவற்றில் ஒன்றிரண்டு ஊர் மாறும்போது கையோடு வரட்டும். திறக்காத பாக்கெட்டாக இருந்தால் நல்லது. ஒரு கண்ணாடி ஜாடியில் இறுக மூடி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வாசனை கொஞ்சம் போகும், அதோடு இன்றைய வீட்டு நினைவும் அதன்மேல் ஏறும். அதனால் வருடத்துக்கு ஒரு முறை போதும். இன்றைக்கும் அதே சோப்பையே தினமும் தேய்த்துக் குளித்தால் அது பழைய நாட்டின் வாசனையாக நீடிக்காது, வெறும் சோப்பு வாசனையாகிவிடும்.

பதிவு செய்யும் வேலை எளிது, ஆனால் கவனக்குறைவால் கெடுவது இங்கேதான். ஃபோனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். இல்லாவிட்டால் சரியாகக் கம்பி வாசனை வரும் இடத்தில் ஒரு அழைப்பு வரும். மின்விசிறியை நிறுத்துங்கள். மடித்த துண்டின் மேல் ஃபோனை வைத்தால் மேசைத் தட்டல் ஏறாது. குழந்தையின் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கட்டும். தொடங்கும்போது பெரியவர் தேதியையும் குழந்தையின் வயதையும் எந்த மொழி என்பதையும் குரலில் சொல்லிவிட வேண்டும். ஃபைல் பெயர் எங்கே போனாலும் குரலுக்குள் தேதி இருக்கும். நடுவில் நிறுத்தி நிறுத்தி எடுக்காதீர்கள். அமுக்கப்படாத ஒலிக்கோப்பு, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்றால் நிமிடத்துக்குச் சுமார் 5 எம்பி, பத்து நிமிடம் 50 எம்பி. அது முடியாவிட்டால் ஃபோன் எந்த வடிவில் தருகிறதோ அதுவே போதும். தரத்தைவிட, எடுப்பதுதான் முக்கியம். மூன்று பிரதிகள், இரண்டு வகை சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே. பழைய ஃபோட்டோக்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி அதையே சேமித்து வைத்தால், எடுத்த தேதியும் இடமும் கோப்பிலிருந்து காணாமல் போகும். மூலக்கோப்பை அப்படியே நகலெடுங்கள்.

எழுத்தில் மாற்றும்போது குழந்தையின் உச்சரிப்பை மாற்றாதீர்கள். தெருப் பெயரை அது எப்படிச் சொல்கிறதோ அப்படியே எழுதி, சரியான பெயரை வேறு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உண்மை சரிபார்க்கும் தாளும் தனி: கடவுச்சீட்டு முத்திரைத் தேதி, பள்ளி அறிக்கை, வாடகை ஒப்பந்தம். பிள்ளை சொன்ன மாடி எண் தப்பு என்று அதில் தெரிந்தால் அந்தத் தாளோடு நிற்கட்டும்.

எப்போது கேட்பது? ஊர் மாறிய மூன்று மாதத்துக்குள் முதல் தடவை. ஆறாவது மாதம் ஒரு தடவை. அதன்பின் ஒவ்வொரு பிறந்தநாளை ஒட்டியும், முதல் தடவை கேட்ட அதே மூன்று கேள்விகள், அதே வரிசையில். கேள்வியை மாற்றினால் ஒப்பிட முடியாது. நாலைந்து வருடப் பதிவுகளை வரிசையாகக் கேட்டால், எது தேய்கிறது, எது ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் பெருகுகிறது, எது நம் வாயிலிருந்து ஒட்டிக்கொண்டது என்று துல்லியமாகத் தெரியும். ஆனால் பழைய பதிவைப் பிள்ளைக்குப் போட்டுக்காட்டிவிட்டுப் புதிதாகக் கேட்காதீர்கள். அது பரீட்சைத் தாளோடு விடையையும் கொடுப்பது.

இப்படி வளர்ந்த பிள்ளைகளுக்கு "மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்" என்று ஒரு பெயர் உண்டு. இந்தியாவில் வேலை பார்த்த அமெரிக்கக் குடும்பங்களை 1950களில் ஆராய்ந்த சமூகவியலாளர் ரூத் ஹில் யூசீம் வைத்த பெயர். பெரியவர்களுக்குப் புரிந்துகொள்ள உதவும். எட்டு வயதுப் பிள்ளையின் முதுகில் ஒட்டுவதற்கு உதவாது. "உனக்கு எந்த நாடு பிடிக்கும்?" என்ற கேள்வியும் அதே ரகம். விருந்தினர் முன்னால் கேட்டால் விருந்தினருக்குப் பிடித்த பதில் வரும்.

கடைசியாக, திரும்பிப் போய்ப் பார்ப்பது. டிக்கெட் எடுத்தவுடன் முதல் வேலை, பிள்ளையிடம் சொல்வதற்கும் முன்னாலேயே, அந்த மூன்று கேள்விகளையும் பாதைப் படத்தையும் இன்னொரு முறை முடித்துவிடுவது. பயணம் பழையதை அழித்து எழுதும். கண் முன்னால் இருப்பது எப்போதும் ஜெயிக்கும். கிளம்புவதற்கு முன் சுவரில் கையால் காட்டச் சொல்லுங்கள்: அந்தக் கம்பி எவ்வளவு உயரம்? மேசை? மாடிப்படி? பென்சிலால் குறித்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அங்கே போனதும் டேப்பை எடுத்து நிஜத்தை அளக்கலாம். பெரும்பாலும் நிஜம் சின்னதாக இருக்கும், ஏனென்றால் அளக்கும் உடம்பு 30 சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டது. வழியைப் பிள்ளையே காட்டட்டும், தப்பான தெருவில் திரும்பினாலும் ஒரு முனை வரை கூடவே போங்கள். கேமராவை ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்து, மண்டி போட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். முட்டிக்குக் கொஞ்சம் சிரமம். பழைய வீட்டில் வேறு யாரோ குடியிருப்பார்கள், உள்ளே போகக் கேட்காதீர்கள், வாசலோடு போதும்.

அன்று இரவே ஒரு புதுத் தாள் கொடுத்து அதே வழியை வரையச் சொல்லுங்கள். பள்ளிக் கம்பிக்கு இப்போது நீலப் பெயின்ட் அடித்திருந்தால், நீலம் இந்தத் தாளில் வரட்டும். பழைய தாளில் பச்சை இருக்கட்டும். இரண்டின் பின்புறமும் தேதி எழுதி, ஒரே உறையில் போடலாம்.